மாப்ளே, வேனுக்குத் தாழ்வாரம் கட்டறியா?

மாப்ளே, உங்கம்மா போன்ல ஒரு பாட்டம் பொலம்பித் தீத்துடுச்சு. பழைய டெம்போ டிராவலர் ஒண்ணை வாங்கி, சீட்டையெல்லாம் பிடுங்கி எறிஞ்சிட்டு, உள்ள கட்டிலு, கேஸ் அடுப்பு, தண்ணித் தொட்டின்னு வெச்சிட்டியாமே. ஓ.எம்.ஆர். பக்கம் பன்னெண்டாவது மாடியில வூடு, அதுக்கு மாசா மாசம் தவணை. அந்த வூட்டைப் பூட்டிட்டு ரோட்டோரமா வேனுல படுக்கப் போற. எங்க காலத்துல வூடு இல்லாதவன்தான் வண்டியில படுப்பான். நீ படிச்ச புள்ளை, இதுல இன்னாவோ கணக்கு வெச்சிருப்பேன்னு தங்கச்சிகிட்ட சொல்லி வெச்சன். அது நம்பிடுச்சு. உங்கப்பாதான் நம்பல.

இப்ப அந்த வண்டிக்கு ஆனிங் வேற வேணுமாம். பொட்டிக்குள்ள சுருண்டு கெடக்கும், கம்பியை வெச்சிச் சுத்தினா வெளிய வந்து பந்தலா நிக்கும். எது வாங்கறதுன்னு ராத்திரி பூரா யூடியூபுல வெள்ளைக்காரன் பேசறதைப் பாக்கறியாம். துணி சமாச்சாரம்னு வந்தப்புறம் முதலியார்பேட்டையில ஒரு தாய்மாமன் இருக்கான்னு ஞாபகம் வரல பாரு. ரோடியர் மில்லு 1898-ல நம்ம பேட்டையில ஆரம்பிச்சது. ஊர்க்காரன் கடியாரம் பாக்கமாட்டான், மில்லு சங்கு ஊதினாத்தான் சோத்துச் சட்டியைத் தூக்குவான். அந்த மில்லு வர்றதுக்கு ரொம்ப முன்னாலயே நம்ம புதுச்சேரி நீலத் துணி கப்பலேறி ஆப்பிரிக்காவுல செனகல் வரைக்கும் போச்சு. பிரெஞ்சுக்காரன் அதை ‘கினே’ன்னு சொல்லி வித்தான். அந்த மில்லுல தறிப் பக்கம் நின்னு காது மந்தமான ஆளு நான். அதனால நீ கொஞ்சம் சத்தமாப் பேசு. இல்லாட்டி பேசாமலே இரு, நான் சொல்றன்.

ஆனிங்னு பெருசா பேர் வெச்சுக்கிட்டாலும், அது வூட்டுத் தாழ்வாரம்தான் மாப்ளே. வைசியாள் வீதிப் பக்கம் போய் அண்ணாந்து பாரு. சொவத்துல ஒரு பக்கம் ஒட்டி, தெருப் பக்கம் மரத்தூண் நட்டு, சாய்ப்பா ஓடு போட்டு இறக்கியிருப்பான். கீழ திண்ணை. வழிப்போக்கன் மழைக்கு ஒதுங்கலாம், வெயிலுக்கு உக்காரலாம், வூட்டுக்காரனுக்கு ஒரு பைசா நஷ்டமில்ல. அந்த வீதியைப் பழுது பாத்து நிமித்தினதுக்கு 2008-ல யுனெஸ்கோக்காரன் விருது குடுத்தான். நம்ம வூட்டுத் தாழ்வாரத்தை இடிச்சு உங்கப்பா ஷட்டர் போட்டுக் கடை வாடகைக்கு வுட்டாரே, அவருக்கு எவனும் ஒண்ணும் குடுக்கல. அப்பன் இடிச்ச தாழ்வாரத்தைப் புள்ளை வேன் மேல கட்டறான். காலம்.

அந்தத் தாழ்வாரத்தைக் கட்டின கொத்தனாருக்கு வெயில் எந்தப் பக்கமா வரும், காத்து எந்தப் பக்கமா வரும், மழை எந்தப் பக்கமா வழியும்னு மூணும் தெரியும். தெருவு நகராது, அதனால அவன் ஒரு தடவை யோசிச்சாப் போதும். நீ வண்டியை நிறுத்தற ஒவ்வொரு எடத்துலயும் புதுசா யோசிக்கணும். கடைக்காரன் இதைச் சொல்லமாட்டான். அவன் நீளத்தைச் சொல்லுவான், நிறத்தைச் சொல்லுவான், தவணை உண்டுன்னும் சொல்லுவான்.

வெயிலை எடுத்துக்க. தலைக்கு மேல துணி இருந்தா நிழல்னு நெனைச்சுக்கிட்டிருக்க. உச்சி வேளையில சரி. நம்ம புதுச்சேரியில சித்திரை பொறந்து ஒரு வாரத்துல சூரியன் நட்டுக்குத்தலா உச்சந்தலையில நிக்கும். ஆவணி பொறந்ததும் இன்னொரு தடவை நிக்கும். நடுவுல இருக்கற நாலு மாசமும் மதியச் சூரியன் வடக்குப் பக்கமா லேசா சாஞ்சிருக்கும், அது பல பேருக்குத் தெரியாது. ஆனா நீ உச்சி வேளையில வெளிய உக்காரப் போறியா? சாயந்தரம் நாலு மணிக்கு டீ கிளாசை வெச்சுக்கிட்டு உக்காரத்தானே இத்தனை செலவும்? சூரியன் பாதி வானத்துல, 45 பாகையில நிக்குதுன்னு வெச்சுக்க, காலைல 9 மணி, மதியம் 3 மணி வாக்கு. ஆனிங்கோட முன் விளிம்பு 2 மீட்டர் உயரம். வெயில் நேர் எதிர்ல வந்தா அந்த விளிம்போட நிழலு 2 மீட்டர் உள்ள தள்ளித்தான் தரையில வுழும். நீ இழுத்து வுட்ட துணி ரெண்டரை மீட்டர். மிச்சம் நிழல் எவ்ளோ? அரை மீட்டர். வேனோட ஒட்டிக்கிட்டு ஒத்தைக் காலுல நிக்கலாம். இவ்ளோ காசு குடுத்து வாங்கின பந்தலுக்குக் கீழ உன் பொண்டாட்டி குடையைப் பிடிச்சுக்கிட்டு உக்காரும்.

அதனால சாயந்தரத்துக்கு ஆனிங் பக்கம் கெழக்கே பாக்கணும், வண்டி உடம்பு மேற்குப் பக்கம் சொவரா நிக்கணும். அப்ப துணியோட நிழலு, வண்டியோட நிழலு ரெண்டும் சேர்ந்து நீளும். ஊரையே கூப்பிட்டு உக்கார வெக்கலாம். இதுல உனக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்கு. நம்ம வண்டிக்கு ஏறி இறங்கற கதவு இடது பக்கம், அதனால ஆனிங்கும் இடது பக்கம்தான் வரும். நீ சென்னையிலேர்ந்து ஈ.சி.ஆர்.ல தெக்கே இறங்கி வர்றப்ப இடப்பக்கம் கடலு, கெழக்கு. ஓரங்கட்டி நிறுத்தினா ஆனிங் நேரா கடலைப் பாத்து விரியும், வெயில் முதுகுப் பக்கம். பெரிய மனுஷன் வூட்டுப் பால்கனி கெட்டுது. அதே வண்டி ஊருக்குத் திரும்பிப் போறப்ப இடப்பக்கம் மேற்கு. ஆனிங்கை விரிச்சின்னா புளிய மரத்தையும் போற லாரியையும் பாத்துக்கிட்டு, மூஞ்சில வெயில் வாங்கிக்கிட்டு உக்காரலாம். கேரளாப் பக்கம் போனா எல்லாம் தலைகீழ், அங்க கடலே மேற்குல. 2021-லேர்ந்து அவன் கேரவன் சுற்றுலான்னு தனியா கொள்கையே வெச்சு வா வான்னு கூப்பிடறான். போறதுன்னா முன்பக்கம் தொங்க வுடற திரை ஒண்ணையும் சேர்த்து வாங்கிக்க. வெயில் வந்தா மட்டும் மாட்டற மாதிரி, கொக்கியோ ஜிப்போ வெச்சது. சல்லடைத் துணியா இருந்தா காத்தும் போவும், வெளிச்சமும் வரும்.

சரி, கடலைப் பாத்து விரிச்சுட்ட. இப்ப காத்து வருது.

வெயில் காலத்துல காலைல தரைக்காத்து மேற்கேர்ந்து வரும், அனலா. மதியத்துக்கு மேல அது நின்னு போயி, கொஞ்ச நேரம் இலை கூட ஆடாது. சட்டுனு கடக்காத்து பொறப்படும், தெக்கு கெழக்குலேர்ந்து. முதலியார்பேட்டையில அதுக்காகத்தான் ஜனங்க சாயந்தரம் வாசல்ல நாற்காலி போடுது. உன் ஆனிங் அப்ப கடலைப் பாத்து வாயைத் தொறந்துக்கிட்டு நிக்குது பாரு, அந்தக் காத்து முழுசும் துணிக்கு அடியிலதான் பூரும். வெயிலுக்கு எது சரியோ அது காத்துக்குத் தப்பு. இந்தச் சிக்கலுக்கு எந்த ஆனிங் கம்பெனிக்காரனும் மருந்து கண்டுபிடிக்கல.

நீ இஞ்சினீரு, கணக்காச் சொல்றன் கேட்டுக்க. 3 மீட்டர் நீளம், ரெண்டரை மீட்டர் இழுப்பு, ஆக ஏழரைச் சதுர மீட்டர் துணி. மணிக்கு 20 கிலோமீட்டர் காத்து அடியில பூந்தா தூக்கற பலம் தோராயமா 14 கிலோ. ஒரு கையால அமுக்கிப் புடிச்சுடலாம். 40 கிலோமீட்டர் ஆச்சுன்னா 28 கிலோன்னு நெனைப்ப. கெடையாது, 58 கிலோ. காத்து வேகம் ரெண்டு மடங்கானா பலம் நாலு மடங்காவும். 80 வந்தா 230 கிலோ. அதை நீயும் உன் பொண்டாட்டியும் ஆளுக்கொரு காலைப் புடிச்சுத் தொங்கி நிறுத்துவீங்களா? புடிச்சா வண்டிக்கு அந்தாண்ட போய் இறங்குவீங்க. ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்னு பெரியவங்க சொன்னப்ப அம்மி எவ்ளோ கனம்னு தெரிஞ்சுதான் சொன்னாங்க. உன் அலுமினியக் குழாய் எம்மாத்திரம்?

2011 டிசம்பர் 30, தானே புயல் நமக்கும் கடலூருக்கும் நடுவுல கரையேறினப்ப மணிக்கு 140 கிலோமீட்டர் வாக்குல காத்து. நம்ம மில்லு அன்னைக்கு வாங்கின அடியிலேர்ந்து எழுந்திரிக்கவே இல்ல. இழுத்துக்கோ பறிச்சுக்கோன்னு கெடந்து 2020 ஏப்ரல் 30-ம் தேதியோட மூடிட்டாங்க. இரும்புத் தூணு போட்டு நின்ன மில்லு அது. புயலன்னைக்கு எவனும் ஆனிங் விரிக்கமாட்டான்னு சொல்லுவ. வாஸ்தவம். ஆனா ஆனிங்கைக் கிழிக்கறது புயல் இல்ல மாப்ளே, வைகாசி ஆடியில சாயந்தரமா வர்ற திடீர்க் காத்துதான். அது கடல்லேர்ந்து வராது, மேற்கேர்ந்து வரும். வில்லியனூர்ப் பக்கம் மேகம் கறுத்து, புழுக்கம் சட்டுனு அடங்கி, சில்லுனு ஒரு காத்து புழுதியோட முதுகுல பட்டுதுன்னா, டீயைக் கீழ வெச்சுட்டு முதல்ல கம்பியைச் சுத்து. அந்த மேகத்தைப் போட்டோ புடிச்சு ஸ்டேட்டஸ் போட்டுட்டுச் சுருட்டலாம்னு நெனைச்சவனுக்கு ஸ்டேட்டஸ் மட்டும்தான் மிஞ்சும். விரிச்சபடியே வுட்டுட்டுக் குளிக்கப் போறது, தூங்கறது, பொட்டிக் கடைக்கு நடக்கறது, இதெல்லாம் கூடாது. காத்து மழைன்னா சுருட்டுன்னு வெளிநாட்டுக் கம்பெனிக்காரனே புத்தகத்துல எழுதித்தான் குடுக்கறான். நீ புத்தகத்தைப் பொட்டியோட பரண்ல போடற ஆளு.

அதனால வாங்கறப்ப எவ்ளோ அழகா விரியுதுன்னு பாக்காத. எவ்ளோ சீக்கிரம் சுருளுதுன்னு பாரு. கடையிலயே ஒரு தடவை நீயே சுத்திப் பாரு, உன் பொண்டாட்டியையும் தனியா சுத்தச் சொல்லு. மழை வர்றப்ப நீ குளிச்சுக்கிட்டிருப்ப. ஜீப்புக்காரங்க வாங்கற பை மாதிரி இருக்கறது மலிவு, லேசு. ஆனா அதைக் கையால மடிச்சு, வாரைப் போட்டு இறுக்கி, ஜிப்பு இழுக்கணும். உன் டிராவலர் உயரத்துக்கு முக்காலி போட்டு ஏறணும். காத்துல முக்காலி மேல நின்னு துணி மடிக்கற காட்சியைப் பாக்க ஊரே கூடும். பொட்டிக்குள்ள சுருளற மாதிரி, கீழ நின்னு கம்பியால சுத்தறதுதான் உனக்குத் தோது. ஃபியாமா, தூலின்னு பேர் சொல்றான். ரெண்டும் நல்ல சரக்குதான், காசுக்கேத்த தோசை. மோட்டார் வெச்சது வேணாம். வேன்ல எலி பூந்து ஒயரைக் கடிச்சா, விரிச்ச துணியோட திண்டிவனத்துல நிப்ப.

இப்ப என் எடத்துக்கு வா. துணி.

கடைக்காரன் ரெண்டு மூணு தினுசு காட்டுவான். ஒண்ணு வினைல். உள்ள பாலியஸ்டர் துணி, மேலயும் கீழயும் பி.வி.சி. பூச்சு. சொட்டுத் தண்ணி எறங்காது, துடைச்சா அழுக்குப் போயிடும். மூச்சு வுடாது, அதான் அதோட கொறை. ராத்திரி பனியில அடிப்பக்கம் வேர்த்து உன் தலையில சொட்டும். இன்னொண்ணு அக்ரிலிக் நெசவு. அந்தக் காலத்துல ஆனிங்னா பருத்திக் கித்தான்தான், ரெண்டு மழைக்காலத்துல பூசணம் புடிச்சு இத்துப் போவும். 1961-ல அமெரிக்காவுல கிளென் ரேவன்னு ஒரு மில்லுக்காரன் சன்பிரெல்லான்னு பேர் வெச்சு அக்ரிலிக் துணியைக் கொண்டாந்தான். அதுல ஒரு சூட்சுமம். நாங்க நெய்ஞ்ச துணியைத் தொட்டியில முக்கிச் சாயம் ஏத்துவோம், இல்ல நூலுக்கு ஏத்துவோம். சாயம் மேலாப்புல நிக்கும், வெயில் பட்டா ஓடிப் போவும். அவன் இழை உருவாகறதுக்கு முன்னாடியே, அந்தக் கரைசல்லயே நெறத்தைக் கலந்துடறான். இழையை எங்க அறுத்தாலும் உள்ளயும் அதே நெறம். வெயில் எதைத் திங்கறது? இந்த வித்தையை ரோடியர்ல யாராச்சும் கொண்டாந்திருந்தா நான் இன்னைக்கு ஓவர்டைம் பாத்துக்கிட்டிருப்பன், உனக்கு இலவசமா யோசனை சொல்லிக்கிட்டு உக்காந்திருக்க மாட்டன்.

அக்ரிலிக் காத்து போவ வுடும், வெக்கை தேங்காது. ஆனா மழை வலுத்தா நசநசன்னு ஊறும், அடியில விரலால தொட்டா அந்த எடத்துல கசிய ஆரம்பிக்கும். நம்ம ஊருக்கு நான் அக்ரிலிக்னுதான் சொல்வன். மழைக்கு வண்டிக்குள்ள போய்க்கலாம், வெக்கைக்கு எங்க போவ? ஜீப்புக் கடையில ரிப்ஸ்டாப்னு ஒண்ணு விப்பான். தடிச்ச நூலைக் கட்டம் கட்டமா நடுவுல வுட்டு நெய்யறது, கிழிசல் ஒரு கட்டத்தோட நின்னுடும். அதுவும் தேவலை. வெள்ளிப் பூச்சு அடிச்சது மட்டும் வேணாம், ஒரு கோடையில செதில் செதிலா உன் சாம்பார்ல உதிரும்.

எதுவா இருந்தாலும் வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் புடி. ஊசிக் கண்ணு தெரிஞ்சா கீழ வெச்சுட்டு வா. துணியை விட்டுட்டுத் தையலைப் பாரு. துணி கிழியறதுக்கு முன்னாடி தையல் நூலுதான் வெயில்ல இத்துப் போவும். பருத்தி நூலு போட்டிருந்தா நகத்தால கீறினா பஞ்சு வரும். தையல் வரி வண்டியிலேர்ந்து வெளிப்பக்கமா ஓடணும், குறுக்கே ஓடினா தண்ணி அங்க நின்னு உள்ள எறங்கும். இதையெல்லாம் கடையில செஞ்சின்னா கடைக்காரன் உன்னை ஒரு மாதிரி பாப்பான். பாக்கட்டும், ‘எங்க மாமா ரோடியர் மில்லு’ன்னு சொல்லு.

நெறம் உன் இஷ்டம். வெள்ளை வாங்கினா கண்ணு கூசும், காக்கா எச்சம் எங்க விழுந்ததுன்னு கணக்குக் காட்டும். நான் நீலம்னு சொன்னா கெழவனுக்குப் பழைய மில்லு ஞாபகம்னு சிரிப்ப.

துணியை ஈரத்தோட சுருட்டாத. வேற வழி இல்லாம சுருட்டினா, மறுநாள் வெயில் வந்ததும் விரிச்சுக் காய வை. கார்த்திகை மாசம் புதுச்சேரியில மூணு நாள் ஈரத்தோட மூடி வெச்ச துணியை நீ வெளியில இழுத்தா கறுப்புப் புள்ளி வந்திருக்கும், அந்த வாசனைக்கு உன் பொண்டாட்டி பொறந்த வூட்டுக்குப் போயிடும். கழுவறதுக்கு வெறும் தண்ணி, மிருதுவான பிரஷ் போதும். பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்கறவன் மூஞ்சிக்கும் அதையே போடணும். உப்புக் காத்து வேற. கடலோரம் போய் வந்த ஒவ்வொரு தடவையும் கை மடியற எடம், மூட்டு, திருகாணி எல்லாத்துக்கும் நல்ல தண்ணி காட்டு. சாதா இரும்புத் திருகாணி போட்டா ஒரு வருஷத்துல துருதான் வண்டியைப் புடிச்சுக்கிட்டிருக்கும்.

மழை விஷயத்துல இன்னொரு கணக்கு. தாழ்வாரத்துக்கு ஏன் சாய்ப்பு வெச்சான்? ஆனிங்கை மட்டமா, கேரம் போர்டு கணக்கா வெச்சுப் பாத்து ரசிக்காத. முன் விளிம்பு எறங்கி இருக்கட்டும், ரெண்டு காலுல ஒண்ணை இன்னும் ஒரு சாண் எறக்கு, தண்ணி அந்த மூலையா ஓடிடும். ஓடலைன்னா துணி நடுவுல தொப்பை போடும். ஏழரைச் சதுர மீட்டர் மேல 1 மில்லிமீட்டர் மழைன்னா ஏழரை லிட்டர். ஒரு நல்ல மழை 40 மில்லிமீட்டர் பேஞ்சுதுன்னா 300 லிட்டர், அதாவது 300 கிலோ. 2024 நவம்பர் 30-ல ஃபெஞ்சல் புயல் வந்தப்ப ஒரே நாள்ல 45 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சே, அந்தக் கணக்கு போட்டா மூணு டன்னைத் தாண்டும். ஐப்பசி பொறந்தா மழைக்காக ஆனிங்கைத் தொறக்கற புத்தியையே மூட்டை கட்டி வெச்சுடு. தொப்பை போட்ட துணியை அடியிலேர்ந்து தொடப்பத்தால குத்தறவன், முந்நூறு லிட்டரும் எங்க எறங்கும்னு ஒரு நிமிஷம் யோசிச்சா நல்லது.

மாட்டறது பெரிய வேலை. 3 மீட்டர் சரக்கு 20 கிலோவுக்கு மேல வரும், அது காத்துல இழுக்கற இழுவை தனி. தகட்டுல நாலு ஓட்டை போட்டு முடுக்கினா தகட்டோட பேத்துக்கிட்டு வரும். உள்ள சட்டம் எங்க ஓடுதுன்னு தட்டிப் பாத்து, அங்க போல்ட்டு போட்டு, ஓட்டையைச் சுத்தி சீலன்ட்டு அடைக்கணும். கடலூர் ரோட்டுப் பட்டறைக்காரன் எவனும் ‘முடியாது’ன்னு சொல்லமாட்டான், ‘பண்ணிடலாம் சார்’னுதான் சொல்லுவான். நீ கூட நில்லு. டீ வாங்கிக் குடுக்கற சாக்குல ஒவ்வொரு ஓட்டையையும் பாரு. வெளிநாட்டுல பல எடத்துல வண்டி வலப்பக்கம் போறதால அவங்க கதவு வலப்பக்கம். கம்பி மாட்டற கொக்கி எந்தக் கோடியில வருது, உன் பின்கதவு தொறந்தா இடிக்குதான்னு பாத்து ஆர்டர் போடு. அப்புறம், வண்டி அமைப்பையே மாத்தியிருக்க இல்ல? 1988 மோட்டார் வாகனச் சட்டத்துல 52-ம் பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, பதிவு அதிகாரி ஒப்புதல் இல்லாம வண்டியை உருமாத்தக் கூடாது. எங்களை மாதிரி போக்குவரத்து ஆபீசை நூறடி ரோட்டுல வூட்டுக்குப் பக்கத்துலயே வெச்சுக்கற பாக்கியம் உனக்கு இல்ல. உன் ஊர் ஆபீசுல முதல்ல பேப்பரை முடி, துணியை அப்புறம் மாட்டு.

கடற்கரை மணல்ல, ஆனிங் காலைக் கட்டறதுக்குச் சேர்த்துக் குடுக்கற ஆணியை அடிச்சுட்டு நிமிந்து பாத்தா ஆணி உனக்கு முன்னாடியே நிமிந்திருக்கும். மணலு ஆணியைப் புடிக்காது. அரிசிச் சாக்கு ரெண்டு எடுத்துப் போ. மணலை ரொப்பி, கயித்தைக் கட்டி, முழங்கால் ஆழத்துல குழி தோண்டிப் படுக்க வெச்சு மூடு. வீராம்பட்டினத்துக்காரங்களைக் கேளு, மணல்ல எதை எப்படிக் கட்டறதுன்னு காட்டுவாங்க. அங்க வலை காயற எடத்துல வண்டியை நிறுத்தாத, முதல்ல ஆளைப் பாத்துக் கேட்டுட்டு நிறுத்து. தென்ன மரத்தடியில ஆனிங் விரிக்கறவனுக்கு நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல, தேங்காயே சொல்லிக்கும். துணிக்கு அடியில விறகு மூட்டாத, அடுப்பும் வேணாம். மீன் வறுக்கணும்னா பத்தடி தள்ளிப் போ.

பீச் ரோட்டுல விரிச்சுப் போட்டோ எடுக்கலாம்னு ஆசைப்படாத. சாயந்தரம் 6 மணிக்கு வண்டியை நிறுத்திடுவான், காலைல ஏழரைக்குத்தான் திரும்ப வுடுவான். மரப்பாலத்துல சிக்னல் விழுந்ததும் வெயில் தாங்கலைன்னு இழுத்து வுட்டுடாத, நீ செய்யற ஆளுதான். காந்தி வீதியில ஞாயித்துக்கெழமை நடைபாதைக்காரன் நாலு கம்பு, ஒரு சில்பாலினுல சாயந்தரம் வரைக்கும் பந்தல் போட்டு யாவாரம் பண்றான். மழை தூறினா கடையை மூட்டை கட்ட அவனுக்கு எவ்ளோ நேரம் ஆவுதுன்னு ஒரு நாள் நின்னு பாரு. அதுக்கு மேல உனக்கு ஆனா, உன் சரக்கு சரியில்ல.

நீளத்தைப் பத்தி மட்டும் சொல்லிடறன். 3 மீட்டர் போதும்னு பாக்கறியாம். உன் வண்டி நீளத்துக்கு 4 மீட்டர் தாராளமா உக்காரும். காத்து, கனம்னு இவ்ளோ நேரம் பயமுறுத்திட்டு இப்ப பெருசா வாங்கச் சொல்றனேன்னு பாக்காத. பெரிய பொட்டியில கை ரெண்டும் தடிமனா வருதான்னு பாத்து வாங்கு, அவ்ளோதான். முதலியார்பேட்டையில சொந்தமா பந்தல் வெச்சிருக்கறவன் நெலமை உனக்குத் தெரியாது. முதல் மாசம் எதிர் வூட்டுக்காரன் ‘தம்பி, ஒரு மணி நேரம்’னு வருவான். அடுத்தது வளைகாப்பு, அப்புறம் பதினாறாம் நாள் காரியம். வாடகைப் பந்தல்காரன் உன்னைப் பாத்தா மொறைக்க ஆரம்பிப்பான். மில்லு நாளு சிநேகிதனுங்க நாலு பேர் சீட்டுக் கட்டோட வந்து உக்காந்து, ‘மூத்திரத்துக்கு உள்ளயே போலாமா’ன்னு கேப்பானுங்க. சொந்தக்காரனுக்கு இல்லேன்னு சொல்ல உனக்கு வாய் வராது, உங்கம்மா வளப்பு அப்படி.

பங்குனி மூணாவது ஞாயிறு நம்ம பேத்திக்குக் காது குத்து. மண்டபத்துக்குக் கேட்டா வாயால சொல்ல முடியாத தொகை சொல்றான். சனிக்கெழமை ராத்திரியே வண்டியைக் கொண்டாந்துடு, தெரு குறுகல், பின்னாலயே எடுத்து உள்ள வுடணும். கதவுப் பக்கம் நம்ம வாசலைப் பாத்து நிறுத்து. தாய்மாமன் மடியில உக்கார வெச்சுக் குத்தறப்ப வெயில் படாம இருந்தாப் போதும். சாப்பாட்டுப் பந்திக்கு வேற ஏற்பாடு பண்ணிக்கலாம், இல்ல அதையும் அடியிலயே நாலு நாலு பேரா முடிச்சுடலாம். அந்தச் சல்லடைத் திரையையும் மறக்காம எடுத்துக்கிட்டு வா, ஈ வராது.